இளவரசி விக்டோரியாவின் வாசிப்புச் சிரமத்தையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கைக்குள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பதினேழு வருடமாகச் சேலைச் சட்டை தைக்கிறேன். கலியாணச் சட்டைகள்தான் கூட வரும். உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும். வாசித்து முடிந்த தாளில்தான் சட்டைகளுக்கு அளவு வெட்டி எடுப்பேன். அதனால் ஒரு தாளையும் எறிவதில்லை. ஒரு பக்கத்தையும் வாசிக்காமல் கத்தரிக்கோல் வைப்பதும் இல்லை.

அண்மையில் உங்கள் மகளிர் பக்கத்தில் சுவீடன் நாட்டின் முடிக்குரிய இளவரசி விக்டோரியாவைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. 2010 ஜூன் 19 அன்று அவர் உடுத்திருந்த கலியாண உடுப்பை அவ்வளவு பெரிய படமாகப் போட்டதற்கு. அரைக்கை வைத்த பால் நிறச் சாட்டின், பின்னால் ஐந்து மீற்றர் நீளத்துக்கு இழுபடும் வால். ஐந்து மீற்றர் என்றால் நம்முடைய ஒரு சேலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தப் பாரத்தை இடுப்பு தாங்க வேண்டும், நடக்கும்போது தையல் இழுபடக் கூடாது. வெட்டினவரின் கையை நான் மனதுக்குள் கும்பிட்டேன். தலையில் வைத்த முடியும் முக்காடும் அவருடைய தாய் சில்வியா 1976இல் அதே ஜூன் 19ஆம் திகதி, அதே தேவாலயத்தில் தன் கலியாணத்துக்குப் போட்டவைதான். அம்மாவின் கூறைச் சேலையை எடுத்துவைத்து மகளுக்கு உடுத்துவிடுகிற வீடுகள் நம்மிடமும் உண்டு. அப்படி வந்த இரண்டு கூறைகளுக்கு நான் புதுச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசித்தேன்.

ஆனால் உங்கள் பக்கம் உடுப்போடும் முடியோடும் மாளிகையோடும் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் என்னுடைய வீட்டுக்குத் தேவையான பகுதி அதில் இல்லை. அதை எனக்குச் சொன்னது என்னிடம் சட்டை தைக்க வந்த ஒரு அம்மா.

அவர் ஸ்டொக்ஹோமில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறவர். மகளின் கலியாணத்துக்காக ஒரு மாத லீவில் வந்து, இங்கே உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். ஆறு சட்டை தைக்கக் கொடுத்தார். அளவு பார்க்க வந்த அன்று உங்கள் பத்திரிகை மேசையில் கிடந்தது. படத்தைப் பார்த்தவுடன் “இவவை நான் நேரில கண்டிருக்கிறன்” என்றார். விக்டோரியாவும் கணவரும் பிள்ளைகளும் இருக்கிற ஹாகா மாளிகை நகரத்தை ஒட்டின சோல்னாவில், பெரிய பூங்கா ஒன்றுக்குள் இருக்கிறதாம். பூங்காவுக்கு யாரும் போகலாம், நடக்கலாம். அப்படி நடக்கும்போது ஒருநாள் கண்டாராம்.

அந்த நேரம் என் மகள் உள்ளே இருந்து வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் வாசிக்கிற விதம் வெளியே கேட்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “இவவுக்கும் வாசிக்க உப்பிடித்தான் கஷ்டமாம். இவவின்ர தகப்பன் ராசாவுக்கும், தம்பிக்கும் கூட. அவையள் அதை ஒளிக்கேல்லை. அங்க எல்லாருக்கும் தெரியும்.”

நான் கையில் பிடித்திருந்த அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆசிரியர் அவர்களே, என் மகளுக்கு ஒன்பது வயது. தரம் நான்கு. அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விடுங்கள். இப்படியான பிள்ளை உள்ள வேறு வீட்டுக்காரர் இதை வாசித்தால் தங்கள் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அதற்காகத்தான்.

அவள் இரண்டாம் வகுப்பில் நன்றாக வாசிக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தை விரித்துவைத்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒரு சொல் தப்பாமல் சொல்லுவாள். ஒருநாள் தையல் மெஷினில் இருந்தபடி திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பாடத்தைச் சொல்கிறது, விரல் வேறு பக்கத்தில் இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். நடு வரியில் ஒரு சொல்லைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டேன். கண் கலங்கி, “அம்மா, எழுத்து ஓடுது” என்றாள்.

நமக்குத் தமிழ் எழுத்து தானாகவே வந்த மாதிரி இருக்கும். அவளோடு இருந்து பார்த்த பிறகுதான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. ‘கொடி’ என்ற சொல்லை எடுங்கள். முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் அரவு. வாய்க்கு அது ஒரே ஒலி, கண்ணுக்கு மூன்று துண்டு. கொம்பு முன்னுக்கு நிற்கிறது, ஆனால் அதன் ஓசை ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. அவள் கொம்பைக் கண்டவுடன் ‘எ’ என்று தொடங்குவாள், பிறகு க, பிறகு அரவு யாருக்குச் சொந்தம் என்று தேடுவாள். அதற்குள் ‘டி’ வந்துவிடும். ‘கெ’யும் ‘கே’யும் ‘கை’யும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். ல, ள, ழ மூன்றையும் ஒரே வரியில் கண்டால் கொப்பியை மூடிவிடுவாள். எழுதி, பிழை என்று தெரிந்து, அழிறப்பரால் அழித்து, திரும்ப எழுதி, திரும்ப அழித்து, அந்த இடத்தில் தாள் ஓட்டையாகிவிடும். அவளுடைய தமிழ்க் கொப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் சல்லடை மாதிரி இருக்கும்.

ஆனால் அதே பிள்ளை கண்ணால் பார்த்தே “அம்மா, இது ஒண்டேகால் மீற்றர்தான் வரும்” என்று துணியைச் சொல்லுவாள். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். ஊசியில் நூல் கோர்ப்பது, கலைந்துபோன நூல்கட்டைகளை நிறம் நிறமாகச் சாயல் பிசகாமல் அடுக்குவது, எந்த வாடிக்கையாளரின் சட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் அவள்தான். இந்தப் பிள்ளையின் ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ என்று மூன்று தவணை தொடர்ந்து எழுதி வந்தது. வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள்; மிஸ்ஸை நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கண்ணில் பிழையோ என்று கண் டொக்டரிடம் காட்டினோம். கண் நல்ல கண். பிறகு ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் ஒருவர்தான் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை எங்களுக்குச் சொன்னார். இது புத்தியில் குறைவு இல்லை, எழுத்தையும் ஒலியையும் கோர்க்கிற இடத்தில்தான் சிரமம், இதற்கு மருந்து குளிசை கிடையாது, ஒலி ஒலியாக, மெதுவாக, திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும் என்று விளக்கினார். கடைசியில், “உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இருந்ததா? இது குடும்பத்தில வாறது உண்டு” என்று கேட்டார். நான் உடனே இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து சொந்தத்தில் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கிடைத்த பதில்: “பொம்பிளைப் பிள்ளை. வெளியில சொல்லிப்போடாதை. பிறகு கலியாணம் பேசேக்க கரைச்சல்.” ஒன்பது வயதுப் பிள்ளை! அதற்கு மேல் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஸ்டொக்ஹோம் அம்மா கேட்கும்வரை.

விக்டோரியாவின் குடும்பத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அந்த அம்மா சொன்னதையும், பிறகு என் தங்கச்சியின் மகள் போனில் தேடி வாசித்துக் காட்டியதையும் வைத்து எழுதுகிறேன்.

தகப்பன் பதினாறாம் கார்ல் குஸ்டாஃப். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தச் சிரமத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இளம் வயதில் அவருடைய எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அரசி சில்வியாவே அவருக்கு டிஸ்லெக்சியா இருப்பதை வெளியில் சொன்னார். சில்வியாவைப் பற்றி ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. தகப்பன் ஜேர்மன்காரர், தாய் பிரேசில்காரி. மொழிபெயர்ப்புப் படித்தவர், ஆறு மொழி பேசுவார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வேலை செய்தபோதுதான் கார்ல் குஸ்டாஃபைச் சந்தித்தார். அப்படி ஆறு மொழி தெரிந்த தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு மொழியை வாசிக்கச் சிரமம் வருகிறது என்றால், “நீ கவனிக்கேல்லை, தையல் தையல் எண்டு இருந்திட்டாய்” என்று எனக்குச் சொன்னவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

விக்டோரியா 1977 ஜூலை 14இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் தான் மந்தம், மற்றப் பிள்ளைகளைப் போலத் தன்னால் முடியாது என்று நினைத்திருந்ததாகப் பெரியவளான பிறகு அவரே சொல்லியிருக்கிறார். நாளைக்கு நாட்டின் அரசியாகப் போகிற பிள்ளை, வகுப்பில் இருந்து அப்படி நினைத்திருக்கிறது. தம்பி கார்ல் பிலிப்புக்கும் இது உண்டு. அவரும் அவருடைய மனைவி சோஃபியாவும் 2015இல் கலியாணம் முடித்தபோது ஒரு அறக்கட்டளை தொடங்கி, வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காகவும், இணையத்தில் பிள்ளைகளைக் கேலி செய்வதற்கு எதிராகவும் வேலை செய்கிறார்கள். விக்டோரியாவுக்கு முகங்களை நினைவு வைப்பதிலும் கஷ்டம் இருக்கிறதாம். ஆயிரம் பேரைச் சந்திப்பதே வேலையாக உள்ளவருக்கு அது எவ்வளவு பெரிய பாரம், யோசித்துப் பாருங்கள். அதையும் அவர் சொல்லித்தான் இருக்கிறார்.

இந்தத் தம்பியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. விக்டோரியா முதல் பிள்ளை. ஆனால் அன்றைய சட்டப்படி ஆண் பிள்ளைக்குத்தான் முடி. 1979 மே மாதம் கார்ல் பிலிப் பிறந்தவுடன் அவர்தான் முடிக்குரிய இளவரசர். 1980 ஜனவரி 1 முதல் சட்டம் மாறி, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே உரிமை என்று ஆனது. ஏழரை மாதக் குழந்தையிடமிருந்து பட்டம் அக்காவுக்கு வந்தது. ஐரோப்பாவில் முடியாட்சி உள்ள நாடுகளில் இப்படி முதலில் மாற்றியது சுவீடன்தான். மகனுக்குக் கிடைத்ததைத் திருப்பி எடுப்பது தகப்பன் அரசருக்கு விருப்பமில்லை என்றாலும் பாராளுமன்றம் செய்துவிட்டது. அங்கே கடைசியாக ஒரு பெண் அரசியாக ஆண்டது 1720இல் முடிந்தது. இனி விக்டோரியா, அவருக்குப் பிறகு 2012இல் பிறந்த மகள் எஸ்டெல். எஸ்டெலுக்குத் தம்பி ஒஸ்கார் 2016இல் பிறந்தான். எஸ்டெலின் இடம் மாறவில்லை. இதை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், நல்ல சந்தோசம் அவவுக்கு.

சரி, மறைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பமும் ஒருகாலத்தில் மறைத்த குடும்பம்தான். அரசருக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது, 1947 ஜனவரியில், அவருடைய தகப்பன் கோபன்ஹேகனில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். பிள்ளைக்கு அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏழு வயது வரை தகப்பன் இறந்தது தெரியாமலே வளர்ந்தார். அப்படி வளர்ந்த மனிதர் 2005 ஜனவரியில் என்ன செய்தார் தெரியுமா? அதற்கு முந்திய மாதம் 26ஆம் திகதி நம்முடைய கரைகளை அழித்த அதே கடல், தாய்லாந்தில் விடுமுறைக்குப் போயிருந்த சுவீடன்காரரையும் கொண்டுபோனது. 543 சுவீடன்காரர் இறந்தார்கள். அவர்களை நினைவுகூர்ந்த கூட்டத்தில் அரசர் எழுந்து, தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை தானும் ஒன்று, அது எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னுடைய அம்மாவின் ஆட்கள் முல்லைத்தீவுக் கரையில் இருந்தவர்கள். அந்தக் கடலில் போனவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை வாய்திறந்து பேசியது கிடையாது. இதை வாசித்த அன்று இரவு நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். இரண்டு மணித்தியாலம் கதைத்தோம்.

இன்னும் ஒன்று, விக்டோரியாவின் கணவர் டானியல். உங்கள் பக்கத்தில் ‘உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவர், இளவரசியின் பயிற்சியாளராக இருந்தவர்’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். ஒக்கெல்போ என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர் அவர். தாய் தபால் கந்தோரில் வேலை செய்தவர். நான் சொல்ல வருவது அவருடைய சிறுநீரகத்தைப் பற்றி. அவருக்குப் பிறப்பிலிருந்தே சிறுநீரகத்தில் வருத்தம். 2009 பெப்ரவரியில் நிச்சயதார்த்தத்தை அறிவித்தார்கள். அதே வருடம் மே மாதம் அவருக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது; கொடுத்தவர் அவருடைய சொந்தத் தகப்பன். கலியாணத்துக்கு ஒரு வருடம் முன்பு! அரண்மனை இதை நாட்டுக்கே அறிவித்தது.

கலியாணச் சட்டை தைக்கிறவளுக்குக் கலியாணக் கதைகள் எல்லாம் காதில் விழும். மாப்பிள்ளைக்கு வலிப்பு இருந்ததை மறைத்தது, பெண்ணுக்குத் தைரொயிட் இருப்பதை மறைத்தது, தகப்பனுக்கு டயலிசிஸ் நடப்பதைக் கலியாணம் முடியும்வரை மறைத்தது. தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்காமலே விட்ட வீடும் இருக்கிறது. பேச்சு முறிந்தது மருத்துவச் சீட்டு ஒன்று வெளியில் வந்ததால். அந்தச் சட்டை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. மெரூன் நிறம், கையில் பொன் சரிகை. வாசிக்கச் சிரமப்படுகிற ஒரு பெண்ணும் சிறுநீரகம் மாற்றின ஒரு ஆணும் ஊர் உலகம் அறியக் கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார்கள். எஸ்டெல் பிறந்தபின் விக்டோரியா வேலைக்குத் திரும்ப, டானியல் லீவு எடுத்துக் குழந்தையைப் பார்த்தார். என் மகளின் கலியாணத்தைப் பற்றிப் பயப்படுத்தின சொந்தக்காரருக்கு இந்தப் படத்தை வெட்டி அனுப்பினேன்.

விக்டோரியாவின் இன்னொரு வருத்தத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் தொழில் அப்படி. 1997இல், அவருக்கு இருபது வயதில், சாப்பாட்டு நோய் இருப்பதாக அரண்மனை அறிவித்தது. சாப்பிடாமல் உடம்பை வருத்துகிற நோய். எல்லோருடைய கண்ணிலிருந்தும் விலகி அமெரிக்காவுக்குப் போய், குணமாகி, அங்கே யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என்னிடம் அளவு கொடுத்துவிட்டு, கடைசி அளவு பார்க்க வரும்போது இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்து வருகிற பெண்களைக் கண்டிருக்கிறேன். “இன்னும் அரை அங்குலம் உள்ளுக்கு எடுங்கோ அக்கா” என்பார்கள். கழுத்தெலும்பு தெரியும், கை நடுங்கும். முன்பெல்லாம் நான் பேசாமல் உள்ளுக்கு எடுத்துக் கொடுப்பேன். இப்போது ஒரு பிளேன்ரீயும் பணிசும் முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பது.

இனி என் கணவரைப் பற்றி. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். கொட்டாஞ்சேனையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கொழும்பில் அவருக்குத் தெரியாத ஒழுங்கை கிடையாது. கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் பத்திரிகை வாசித்து நான் கண்டதில்லை. “என்ன போட்டிருக்கு?” என்று என்னைத்தான் கேட்பார். ஆஸ்பத்திரியிலோ கந்தோரிலோ படிவம் நிரப்ப வேண்டி வந்தால் “கண்ணாடிய மறந்திட்டன், நீ எழுது” என்பார். யாராவது விலாசம் எழுதின துண்டை நீட்டினால், “நீங்கள் சொல்லுங்கோ, நான் ஓட்டுறன்” என்பார். எல்லாம் அவருடைய பழக்கம் என்று நினைத்தேன். டொக்டர் கேட்டபோது நான் இல்லை என்று சொன்னதும் அதனால்தான்.

அந்த அம்மா வந்துபோன இரவு, சட்டைகளுக்கு அயன் பிடித்துக்கொண்டே சுவீடன் அரசரின் கதையை அவருக்குச் சொன்னேன். அரசர், மகள், மகன், மூன்று பேருக்கும் இருக்கிறதாம் என்றேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். சாப்பிட்டார், கை கழுவினார். படுக்கப் போகிற நேரம், அறை வாசலில் நின்று கேட்டார்:

“அந்த ராசாவுக்கும் எழுத்து ஓடுமாமோ?”

மகள் சொன்ன அதே சொல். அவள் அவரிடமிருந்து கேட்டு அதைச் சொல்லவில்லை; அவர் தன் வாழ்நாளில் ஒருவரிடமும் அதைச் சொன்னதே இல்லை. அன்று இரவுதான் எட்டாம் வகுப்புவரை தான் வாங்கின அடியையும், முழங்காலில் நின்ற கணக்கையும், தன்னை ‘மொக்கு’ என்று கூப்பிட்டே பெயர் மறந்துபோன வகுப்பையும் பற்றிச் சொன்னார். அடுத்த நாள் மகளைக் கூட்டிக்கொண்டு மரைன் டிரைவ் பக்கம் போய், கடலைப் பார்த்துக்கொண்டு இருந்து, “அப்பாவுக்கும் அப்பிடித்தான் பிள்ளை” என்று சொன்னாராம். அவள் வந்து என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இரண்டு வருடமாகக் கண்டதில்லை.

இவ்வளவும் எழுதினதற்கு உங்களிடம் மூன்று விஷயம் கேட்கத்தான்.

விக்டோரியாவைப் பற்றி இன்னொரு பக்கம் போடுங்கள். உடுப்பைப் பற்றின பக்கத்துக்குக் கொடுத்த அதே இடம். அதில் டிஸ்லெக்சியாவைப் பற்றி, எங்கள் எழுத்துகளை உதாரணமாக வைத்து, நல்ல தமிழில் எழுதுங்கள். கொம்பும் அரவும் பிள்ளையை எப்படித் தடுக்கின்றன என்று தெரிந்த ஒரு ஆசிரியரோ, பேச்சுச் சிகிச்சை செய்பவரோ எழுதினால் இன்னும் நல்லது. இங்கிலிசில் கிடைப்பதெல்லாம் பி என்றும் டி என்றும் எழுத்தைத் திருப்பி வாசிப்பதைப் பற்றித்தான் சொல்கிறது. அது என் பிள்ளைக்கு உதவாது. கொழும்பில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமையில் காட்டலாம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலும் சாதாரண தரத்திலும் இப்படியான பிள்ளைகளுக்குக் கூட நேரம் கேட்க யாருக்கு எழுத வேண்டும் என்று உங்கள் நிருபர் விசாரித்து, பக்கத்தின் கீழே ஒரு பெட்டியில் போடட்டும்.

இரண்டாவது, உங்கள் சிறுவர் பக்கம். அதில் ஒரு பத்தியையாவது பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு அச்சிடுங்கள். முக்கியமாக, வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். பத்தி ஒடுக்கம் என்பதால் ‘வண்ணத்துப்’ ஒரு வரியிலும் ‘பூச்சி’ அடுத்த வரியிலும் வருகிறது. சில நேரம் ‘வண்ணத்’ இங்கேயும் ‘துப்பூச்சி’ அங்கேயும். நாங்கள் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவோம். என் மகள் அந்த இடத்தில் நின்று, ‘துப்பூச்சி’ என்று ஒரு பூச்சி இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். அச்சுக் கூடத்தில் பக்கம் அமைக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் செய்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். துணியில் பூவின் நடுவே வெட்டு விழாமல் நாங்கள் வெட்டுவதில்லையா? கொஞ்சத் துணி கூடப் போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, புலமைப்பரிசில் முடிவு வருகிற காலத்தில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். போடுங்கள், அந்தப் பிள்ளைகள் பாடுபட்டு எடுத்தது. அந்த வாரத்திலேயே என் பிள்ளையைப் போன்ற பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் நாலு வரி எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தப் பக்கங்கள் வரும்போது என் வீட்டிலும் ஒரு பிள்ளை அவற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

மகள் இப்போது ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஒலி ஒலியாகப் பழகுகிறாள். வெட்டி மிச்சமான துணியில் க, கா, கெ, கொ என்று எழுத்துகளைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கொம்பு சிவப்பு, அரவு பச்சை. விரலால் தடவிச் சொல்லுவாள். போன கிழமை ‘கொடி’யை ஒரே மூச்சில் சொன்னாள். இரவில் பக்கத்தில் தகப்பனும் இருந்து, கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி, தானும் தடவிப் பார்ப்பார்.

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் கேட்கிற பக்கம் பெரிய எழுத்தில் வந்தால் முதலில் வாசிக்கப் போவது தான்தான் என்று மகள் சொன்னாள். இரண்டாவது ஆள் தான் என்று எழுதச் சொன்னார் அவர்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6